நாற்பத்தோராவது படம்

முப்பத்தாறு படம் எடுக்கும் பிலிமில் நாற்பத்தோராவது படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் என் உயிர் தொண்டைக்கு ஏறியது.

"இன்னும் எத்தனைங்க? கன்னம் வலிக்குது" என்றாள் என் மனைவி.

அவள் எக்ஸ்ரே எடுப்பவள். முப்பத்து நான்கு வருடம், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அறை. "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க... ம், மூச்சு விடலாம்" என்று ஊரில் பாதிப் பேருக்கு மூச்சுவிட உத்தரவு கொடுத்தவள். அன்று அவளுக்குக் கடைசி நாள். அவளுடைய பழைய மெஷினுக்கும்தான். மறுநாள் காலையில் அதைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். ஒருநாளும் கேமரா முன் நிற்காதவள், தானாக வாய்விட்டுக் கேட்டிருந்தாள்.

"எல்லார் எலும்பையும் பிலிம்ல பிடிச்சவ நான். என்னையும் மெஷினையும் ஒரு தடவை பிலிம்ல பிடிச்சுக் கொடுங்க. போன்ல வேண்டாம்."

வீட்டில் எட்டு பழைய கேமரா இருக்கிறது. நல்ல புருஷன் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான். நான் ஒன்பதாவதைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்பதாவது என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. "இன்னொண்ணு வாசப்படி ஏறிச்சுன்னா, நீங்களும் அதுவும் மொட்டை மாடியில குடித்தனம் பண்ணிக்கோங்க" என்று எட்டாவது வந்தபோதே சொல்லிவிட்டாள்.

நான் என்ன செய்வேன்? வியாழக்கிழமை, பழைய சாமான் கடையில், உடைந்த தையல் மெஷினுக்கும் ஒற்றைக்கால் மின்விசிறிக்கும் நடுவில் உட்கார்ந்து அதுதான் என்னை முதலில் பார்த்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தது. விளிம்பில் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை பல்லைக் காட்டியது. ஷட்டரை அழுத்தினேன். பூனைக்குட்டி தும்மியதுபோல் ஒரு சத்தம். அந்த ஒரு தும்மலில் எனக்கு இருபது வயது குறைந்து, முழங்கால் வலி போய், காது கூர்மையாகி, மூன்று தெரு தள்ளி யாரோ காபி ஆற்றுவதுகூடக் கேட்டது.

"சும்மா பாக்கத்தானே சார்?" என்றார் கடைக்காரர்.

"ஆமா. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாக்குறேன்."

எட்டாவது கேமராவின் தோலுறைக்குள் இதை நுழைத்து, அவள் கண் முன்னாலேயே உள்ளே கொண்டுபோனேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். உறை கொஞ்சம் பெரிது. கேமராவின் இடது மூலையை மூடிக்கொண்டது. பிலிம் நகரும்போது கூடவே சுற்றும் குமிழ் அந்த மூலையில்தான் இருக்கிறது. நான் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்காமல் படமெடுப்பவன், கயிறு இருக்கிறதா என்று பார்க்காமல் லிப்டில் ஏறுகிறவன்.

நாற்பத்தொன்று. அவளோடு படமெடுத்துக்கொள்ள வரிசையாக நின்றிருந்த ஆஸ்பத்திரிக் கூட்டம் கலைய ஆரம்பித்தது.

"சார், உள்ள பிலிம் இருக்கா, இல்ல எங்க அழகைப் பாத்துட்டு ஓடிருச்சா?" என்றார் கம்பவுண்டர். எல்லோரும் சிரித்தார்கள். என் முதுகில் ஓடிய வேர்வையில் படகு விட்டிருக்கலாம்.

கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். உறையைக் கழற்றிக் குமிழைத் திருப்பினேன். காற்றாடி போலச் சுற்றியது. அப்படியென்றால் இரண்டில் ஒன்று. பிலிமின் நுனி உருளையில் மாட்டவே இல்லை, ஒரு படமும் இல்லை. அல்லது கடைசியில் நான் பிலிமை நகர்த்தும் நெம்புகோலை முரட்டுத்தனமாக இழுத்ததில் அறுந்துபோய், முப்பத்தாறு படமும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. திறந்து பார்த்தால் தெரியும். ஆனால் இந்த வெளிச்சத்தில் திறந்தால், இருக்கிற படமும் செத்துப்போகும்.

கும்மிருட்டு வேண்டும். அந்தக் கட்டடத்திலேயே அப்படி ஓர் இருட்டு, அந்தக் காலத்தில் எக்ஸ்ரே பிலிம் கழுவிய அறையில்தான் இருந்தது. இப்போது துடைப்பமும் வாளியும் குடியிருக்கும் அறை. சாவி என் மனைவியிடம்.

உறையை மறுபடி மாட்டிக்கொண்டு அவளிடம் போனேன். "பிலிம்ல ஒரு சின்னச் சந்தேகம்" என்றேன். அவள் என் முகத்தை ஒரு விநாடி பார்த்தாள். சாவியை எடுத்தாள்.

கதவு மூடியது. இருட்டு என்றால், என் பயமே எனக்குத் தெரியாத இருட்டு.

"கொடுங்க. இந்த இருட்டு எனக்குப் பழக்கம்."

கொடுத்தேன். உறை கழலும் சத்தம். அவள் விரல்கள் நகர்வது கேட்டது. 'டிக்' என்று கேமராவின் முதுகு திறந்தது.

"பிலிம் அறுந்துபோகல. வலது பக்கம் ஒரு சுத்துகூட இல்ல. நுனி மாட்டவே இல்லீங்க."

"அப்ப...?"

"அப்ப நாப்பத்தொரு தடவை நான் சும்மா சிரிச்சிருக்கேன்."

நான் சுவரைத் தேடினேன். வாளிதான் கிடைத்தது.

"இதைத் திறக்கிற கொக்கி அடியில இருக்கு" என்றாள். "நம்ம வீட்டுல எட்டுக்கும் பக்கவாட்டுல."

தினம் அவற்றுக்குத் தூசி தட்டுகிறவள் அவள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருட்டில் பொய் சுலபமாக வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

"எப்ப?"

"வியாழக்கிழமை."

அவள் பிலிம் நுனியைச் செருகி, பல்லில் மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, முதுகை மூடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் மனதில் மொட்டை மாடியில் பாய் விரித்து, தண்ணீர்த் தொட்டியோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது எக்ஸ்ரே அறையில் யாரும் இல்லை. கூட்டம் வீட்டுக்குப் போயாயிற்று. அவள் மட்டும் மெஷின் பக்கத்தில் போய் நின்று, அதன் கைப்பிடியில் கையை வைத்தாள். சிரிக்கவில்லை.

"எடுங்க."

உறையில்லாத கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். கட்டத்துக்குள் அவளும் மெஷினும் பூகம்பத்தில் ஆடினார்கள். ஆடியது என் கைதான்.

"மூச்சை இழுங்க" என்றாள். இழுத்தேன். "அப்படியே பிடிங்க. அசையாதீங்க."

பூனைக்குட்டி தும்மியது. நெம்புகோலை இழுத்தேன், இடது மூலையில் குமிழ் ஒரு சுற்று சுற்றியது. படம் விழுந்துவிட்டது.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு விளக்கை அணைத்தாள். வராந்தா முழுக்க அவள் பின்னாலேயே நடந்தேன். 'மூச்சு விடலாம்' என்று அவள் இன்னும் சொல்லவில்லை.