ஒன்பதேகால் நாள்

சுரங்கத்தை ஒட்டிய எங்கள் கரி முற்றத்தில் நிலக்கரியை டன்னில் பேச மாட்டோம், நாளில் பேசுவோம். குவிந்து கிடப்பது மின்நிலையத்துக்கு எத்தனை நாளுக்கு வரும் என்பதுதான் கணக்கு. வெளிநாட்டுக் கரிக் கப்பல்கள் நின்றுபோன பிறகு நாடே அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. பத்து நாளுக்குக் கீழே இறங்கினால் சுரங்கத்தில் எல்லோருடைய விடுப்பும் ரத்து.

வாரந்தோறும் அந்த எண்ணை எழுதுவது நான். முற்றத்தில் ஏதோ எழுத்து வேலை என்றுதான் வீட்டில் தெரியும். போன சனிக்கிழமை ஒன்பதேகால் என்று எழுதினேன். ஞாயிறு காலை சுரங்க வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்.

என் அத்தான் சுரங்கத்துக்குள் கூரைக்கு முட்டுக் கொடுப்பவர். வியாழக்கிழமை அக்காவுக்கு வயிற்றுக் கட்டியை எடுக்க அறுவைச் சிகிச்சை. அதற்காக ஒரு மாதம் முன்பே வாங்கி வைத்திருந்த விடுப்பு போயிற்று. நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கிறவர் பெண்டாட்டிக்கு ஒரு நாள் கொடுக்க முடியாதா என்று அக்கா கிண்டல் செய்தாள். அவர் சிரிக்கவில்லை.

திங்கள் மாலை, வேலை முடிந்து நான் படிக்கப் போகும் வகுப்பில் சதவீதக் கணக்கு. கழித்ததையே மறுபடி கழித்துவிடாதீர்கள் என்று ஆசிரியர் பொதுவாகத்தான் சொன்னார். சனிக்கிழமை நான் போட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. மழை ஈரத்துக்காக எடைமேடையிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு கழித்துத்தான் சீட்டு தருகிறார்கள். அந்தச் சீட்டுகளைக் கூட்டிவிட்டு, நானும் ஒருமுறை பன்னிரண்டு கழித்திருந்தேன். நோட்டின் பின்பக்கத்தில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் பத்தரை.

செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை இப்போது போடுவதுதான் தப்போ என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது என்றும் நினைத்தேன். உண்மையில் பயம், வேறொன்றுமில்லை.

புதன் காலை முற்றத்து மேற்பார்வையாளரிடம் போனேன். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைத் தராசு என்பார்கள். சீட்டுகளைத் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கம்மியாக் காட்டுனா மேல யாரும் கேக்க மாட்டாங்கம்மா. இப்போ கூட்டிக் காட்டுனா, அத்தான் லீவுக்காக நீ ஏத்திட்டேன்னு சொல்வாங்க."

குவியலை மறுபடி அளந்து ஒப்புதல் வாங்கியே ஆக வேண்டும்; வியாழன் சாயங்காலம் ஆகிவிடும் என்றார். நேற்றே வந்திருந்தால் இன்றைக்கு முடிந்திருக்கும் என்பதையும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வியாழன் காலை அத்தான் பூமிக்கடியில் இருந்தார். மருத்துவமனையில் அக்காவின் கட்டிலருகே நான் இருந்தேன். உள்ளே நகை கூடாது என்பதால் அவள் தோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எந்த மகராசன் போட்ட கணக்கோ, இன்னைக்குப் பாத்தா நாட்டுக்குக் கரி தீரணும்?"

"நான்தான்க்கா."

விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு தடவை கழித்த கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, தப்பு யாருக்குத்தான் வராது, இதுக்குப் போய் அழுவாங்களா என்றாள். அத்தோடு விட்டிருப்பாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

"திங்கக்கிழமை."

அவள் விரல்கள் காதிலேயே நின்றன.

"செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பூரா என் பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

தோட்டை வாங்கக் கையை நீட்டினேன். செவிலியர் தள்ளுகட்டிலைக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா இரண்டு தோட்டையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, அவற்றைச் செவிலியரிடம் கொடுத்து, சாயங்காலம் தன் வீட்டுக்காரர் வந்து வாங்கிக்கொள்வார் என்றாள்.