தகைமை என்ற இடத்தில்

கிழக்கு வெளுக்குமுன்பே ஹுஸ்னியா ஐஸ் கம்பனியின் ஐஸ் அறைக்குள் இறங்கிவிட்டாள். கொக்கியால் கட்டியை இழுக்கும்போது கையுறைக்குள் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. உள்துறைமுகத்தில் காத்திருந்த வள்ளங்களுக்கு ஆறு மணிக்குள் நூறு கட்டிகள் போகவேண்டும். மூக்கில் அதே நெடி. கண்ணுக்குள் ஊசி ஏற்றும் அந்த நெடி மூன்று கிழமையாகப் போகவேயில்லை.

மூன்று கிழமைக்கு முன்தான் குழாய் மூட்டு ஒன்று வெடித்து அமோனியா சீறியது. கூட வேலைசெய்த புஷ்பவதியக்கா தொப்பென்று குப்புறப் படுத்தாள். சண்டைக் காலத்தில் வளர்ந்த உடம்புகள் அப்படித்தான். வெடிச்சத்தம் கேட்டால் நிலம். ஆனால் அன்றைக்கு அது மூடுபனிபோல வெள்ளைப் புகாராகி நிலத்தோடுதான் ஊர்ந்து வந்தது. படுக்காமல் காற்றுக்குக் குறுக்கே ஓடிய ஹுஸ்னியா தப்பினாள். அக்கா இன்னும் ஆஸ்பத்திரியில். தொண்டை வெந்து, பேச்சு நின்றுபோயிற்று.

அடுத்த கிழமை கம்பனி ஓர் அறிவித்தல் ஒட்டியது. அமோனியா காற்றைவிட இலேசானது, கசிந்தால் நிலத்தோடு தவழ்ந்து வெளியேறவும் என்றிருந்தது. கீழே ஓர் எஞ்சினியரின் பெயரும் இரண்டு பட்டங்களும். ஹுஸ்னியா அதை இரண்டு தரம் வாசித்தாள். அடுத்த முறை எல்லோரும் படுப்பார்கள்.

பெட்டி மட்டையின் பின்புறத்தில் அவள் தானே எழுதினாள். வாயு இலேசுதான், ஆனால் குழாயிலிருந்து திரவமாய்ச் சீறுவது கடுங்குளிரில் புகாராகிப் பாரமாகி முதலில் தாழவே ஊரும். படுக்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, குறுக்கே போங்கள். ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் இரசாயன ஆசிரியர் சோமசேகரம் மாஸ்டரிடம் காட்டினாள். ஈரத்துணி வாயுவைத் தடுக்கும் என்ற வரியை அவர் திருத்தி, நாலு மூச்சுக்குத்தான் உதவும் என்று எழுதினார். மற்றது சரி என்றார்.

சுவரில் அவள் ஒட்டிய அந்த மட்டைதான் இப்போது முதலாளி பிரகலாதனின் மேசையில் கிடந்தது. தேத்தண்ணி நேரத்தில் அவளைக் கூப்பிட்டிருந்தார்.

“எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீ?”

“ஒன்பது, சேர்.”

“அந்த மனுசன் ரெண்டு பட்டம் எடுத்தவர். விஞ்ஞானம் எழுதுறதுக்கு ஒரு தகைமை வேணும் பிள்ளை. விட்டா நாளைக்கு மருந்தும் எழுதித் தருவாய்.”

அவள் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“வாயு இலேசெண்டு அவர் எழுதினது பொய்யில்ல, சேர். குழாய் வெடிச்ச நேரம் அவர் உள்ளுக்க இல்ல. நான் எழுதினதிலயும் ஒரு பிழை இருந்தது, மாஸ்டர் திருத்தினவர். நீங்களும் படிச்ச ஆரிட்டயும் காட்டுங்க. பிழையெண்டா நானே கிழிக்கிறன்.”

“பேரும் தகைமையும் இல்லாத கடதாசி என்ர சுவரில இருக்கேலாது. இருந்தா நீ வேலையில இருக்கமாட்டாய்.”

மட்டையை இரண்டாய்க் கிழித்துக் கூடைக்குள் போட்டார்.

வெளியே இயந்திரக்காரன் முனாப் காத்து நின்றான். கொம்பிரசரின் சத்தம் மாறிவிட்டதென்றான். வெடித்த மூட்டுக்கு ரப்பர் சுற்றிப் பெயின்ற் அடித்திருக்கிறார்களாம். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

“ராத்தா, பேரும் தகைமையும்தானே அவர் கேட்டவர்? குடுப்பம்.”

அவள் புது மட்டையில் எழுதினாள். கீழே பேர், தகைமை என்று பிரித்துக் கோடு கிழித்தார்கள். பின்னேரம் ஆஸ்பத்திரியில் ஆட்களைப் பார்க்கவிடும் நேரத்துக்கு முனாப் அதைக் கொண்டுபோய் வந்தான்.

மறுநாள் விடியலில் வேலையாட்கள் இருபத்திரண்டு பேரும் ஐஸ் அறை வாசலில் நின்றார்கள். ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. வெடித்த குழாய் மூட்டைப் புதிதாக மாற்று, மட்டையை ஒட்டு, இரண்டே கோரிக்கை. வள்ளங்கள் ஹோர்ன் அடித்தன. பிரகலாதன் காரைவிட்டு இறங்கி, எல்லோரையும் வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டு வேறு ஆட்களைக் கொண்டுவருவேன் என்றார். முனாப் மட்டையை நீட்டினான்.

தகைமை என்ற இடத்தில் ஒவ்வொருவரும் எழுதியிருந்தார்கள். கொம்பிரசர், ஒன்பது வருஷம். ஐஸ் அறை, பதினொரு வருஷம். கட்டி ஏற்றுதல், நாலு வருஷம். கடைசி வரியில், ஆஸ்பத்திரியில் எழுதிய கோணல் எழுத்தில், புஷ்பவதி. அதற்கு நேரே: ‘நான் படுத்தனான்.’

பிரகலாதனின் கண் அந்த வரியிலேயே நின்றது. சுவருக்குப் பின்னால் ஏதோ மெல்லச் சீறியது. நெடி தடித்தது.

ஹுஸ்னியா தலை நிமிர்ந்து வள்ளக் கொடிகளைப் பார்த்தாள். காற்று வடக்கேயிருந்து.

“குறுக்கே வாங்க, சேர். படுக்காதீங்க,” என்றாள்.

இருபத்திரண்டு பேரும் ஒன்றாய்க் கிழக்கே நடந்தார்கள்.