ஆட்டி நிரப்பிய டேங்க்

சனிக்கிழமை காலையிலேயே பெட்ரோல் பங்கில் டிரைவரக்காவின் தம்பி அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தான். தன் சிவப்புக் காரின் கூரையை இரண்டு கையாலும் பிடித்து, பேய் பிடித்தவன்போல ஆட்டினான். ஆட்ட ஆட்ட டேங்க்குக்குள் களக் களக்கென்று காற்று வெளியேறியது. பங்க்காரம்மா சலிப்போடு இன்னும் கொஞ்சம் பெட்ரோல் விட்டாள்.

"போதும்டா, ஊரே பாக்குது," என்றாள் டிரைவரக்கா.

"பாக்கட்டும். டேங்க் நிறையன்னா நிறையணும்க்கா. க்ளிக்னு சத்தம் வந்ததும் மூடிட்டுப் போறவன் பணக்காரன்."

பக்கத்துப் பம்பில் அவர்கள் தெருத் தச்சர் தன் சாம்பல் நிறக் காருக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குழாய் தானாக க்ளிக்கென்றதும் நிறுத்தினார். மூடியைத் துணியால் துடைத்தார். மூடினார்.

இரண்டும் சின்ன வண்டிகள். இரண்டிலும் மூன்று சிலிண்டர் எஞ்சினும் இழுவை கூட்ட ஒரு டர்போவும். எது நல்ல வண்டி என்று கேட்டால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதனால்தான் இந்தச் சோதனை.

டிரைவரக்காவின் பழைய கார், போன வாரம், மேட்டுமேல் இருக்கும் கண்ணாடித் தொழிற்சாலைக்கு நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு போகும்போது மூன்றாவது வளைவில் புகைந்து நின்றுவிட்டது. பெண்கள் இறங்கி ஓடியும் சங்கு முந்திவிட்டது. கேட்டை மூடிவிட்டார்கள். நாலு பேருக்கும் அரைநாள் கூலி போச்சு. சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: "திங்கக்கிழமை வேற வண்டியோட வா. இல்லேன்னா வராதே."

பழைய கார் விற்கும் கடையில் இந்த இரண்டு மாடலிலும் ஒவ்வொன்று நின்றது. கடைக்காரர் சனிக்கிழமை சாயங்காலம்வரை பொறுப்பதாகச் சொன்னார். ஆனால் ஆள் ஏற்றி மேட்டில் ஓட்டிப் பார்க்க விடமாட்டாராம். அவள் கையிலிருந்த சேமிப்பு ஒரே ஒரு வண்டிக்குத்தான் காணும். பெட்ரோல் செலவு டிரைவர் தலையில். வண்டி இழுக்காவிட்டால் வேலை போகும். வண்டி குடிகாரனாக இருந்தால் வேலை இருந்தும் பயனில்லை.

"ரெண்டு வண்டிக்கும் ஒரே ரோடு, ஒரே ஆளு, ஒரே ஏசி, ஒரே டிரைவர்," என்று அவள் கணவர் விரலை மடக்கினார். "டேங்க் நிறையப் போட்டு, ஓட்டிட்டு, மறுபடி டேங்க் நிறையப் போடணும். உள்ள எவ்வளவு போகுதோ அதான் குடிச்சது. அறுபது கிலோமீட்டர் ஓட்டினா போதும். விஞ்ஞானம்!"

அவர் கிரேனில் வேலை பார்த்தவர். முதுகில் இரும்பு விழுந்தபிறகு எடை தூக்க முடியாது, வண்டியும் ஓட்ட முடியாது. நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு போனில் கார் ஒப்பீட்டு வீடியோ பார்ப்பார். டார்க், பூஸ்ட், லேக் என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவார். வீட்டில் ஒரு சைக்கிள் வாங்கக்கூட ஆறு மாதம் ஒப்பிட்ட மனுஷன். கடைசியில் சைக்கிளும் வாங்கவில்லை.

முதலில் சாம்பல் வண்டி. முன்னால் கணவர், பின்னால் தம்பியும் தச்சரும், அவர்களுக்கு நடுவில் இன்னொரு ஆளுக்குப் பதிலாக ஒரு சிமெண்ட் மூட்டை.

"இவருக்குப் பேச்சுத்துணை நல்லா இருக்கு," என்று தம்பி மூட்டையைத் தட்டினான். "உங்க வண்டியப் பத்தி ஒரு குறை சொல்லமாட்டாரு."

"உன்ன மாதிரி வாய் இல்லடா அதுக்கு," என்றார் தச்சர்.

சமதரையில் வண்டி வெண்ணெய். சத்தமில்லை, அதிர்வில்லை. முதல் வளைவும் இரண்டாவது வளைவும் தாண்டியது. மூன்றாவது வளைவில் ஒரு கல் லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். லாரி கொஞ்சம் ஒதுங்கியதும் இரண்டாவது கியரில் மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தாள்.

"கொஞ்சம் பொறு தங்கச்சி, வரும்," என்றார் தச்சர். "டர்போ முழிக்க ஒரு நிமிஷம் ஆகும்."

"அது முழிக்கிறதுக்குள்ள நான் கண்ண மூடிருவேன் அண்ணே!"

வண்டி இரண்டு முறை இருமி அணைந்தது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. அவள் கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியருக்கு வந்து, எஞ்சினை அலறவிட்டு ஏறினாள். அதே இடம். போன வாரம் நின்ற அதே இடம். ரோட்டோரத்தில் பழைய வண்டி கக்கிய எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது.

"கியர் மாத்துறதுல தப்பு," என்றார் கணவர். "எஞ்சின் சுத்து ஆயிரத்தைந்நூறுக்குக் கீழ போனா டர்போ வேலை செய்யாது. வீடியோல தெளிவாச் சொல்றான்."

"அவன் வீடியோல பின்சீட்டுல ஆள் இருந்தாங்களா?"

கணவர் யோசித்தார். "கேமரா இருந்துச்சு."

பங்குக்குத் திரும்பினார்கள். க்ளிக் என்றபோது சாம்பல் வண்டிக்குள் நாலு லிட்டர் போயிருந்தது. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர். தச்சர் பெருமையோடு மூடியைத் துடைத்தார்.

அடுத்து சிவப்பு. அதே ஆட்கள், அதே மூட்டை. அதே மூன்றாவது வளைவில் வேண்டுமென்றே ஊர்ந்து நின்றுபோகும் நிலைக்கு வந்து, அவள் மிதித்தாள். ஒரு மூச்சு தயங்கியது, அவ்வளவுதான். பிறகு சீழ்க்கை அடித்துக்கொண்டு மேலே பாய்ந்தது. மூட்டை சாய்ந்து தச்சர் மடியில் விழுந்தது. அன்றைக்கு முதல்முறையாக அவள் சிரித்தாள். அடுத்த நொடியே, இப்படி இழுக்கும் வண்டி எவ்வளவு குடிக்குமோ என்று நினைத்துச் சிரிப்பை மூடிக்கொண்டாள். யானையைக் கட்டித் தீனி போட அவளால் ஆகாது.

பங்குக்கு வந்ததும் தம்பி முகம் கழுவப் போய்விட்டான். பங்க்காரம்மா குழாயைச் சொருகினாள். க்ளிக். மூன்று லிட்டர்.

கணவர் மீட்டரை இரண்டு தடவை பார்த்தார். போனில் தட்டினார். "இருபது! ஏம்மா, லிட்டருக்கு இருபது! இழுக்கவும் செய்யுது, குடிக்கவும் மாட்டேங்குது. முடிஞ்சுது, கடைக்காரருக்குப் போன் போடு."

ஒரு நாள் பிழைப்பை விட்டு அலைந்தது வீணாகவில்லை. அவள் போனை எடுத்துவிட்டாள்.

தம்பி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தான். மீட்டரைப் பார்த்தான். "என்ன, அதுக்குள்ள மூடிட்டீங்க? ஆட்டவே இல்லையா?"

தச்சர் அவன் பக்கம் திரும்பினார். "காலையில ஆட்டித்தான போட்ட?"

"ஆமா. எப்பவும் ஆட்டித்தான போடுவேன்."

"அப்ப காலையில கழுத்துவரைக்கும் இருந்துச்சு. இப்ப நெஞ்சுவரைக்கும்தான் இருக்கு. அப்புறம் எங்கேந்து வந்துச்சு இருபது?"

கணவர் போனைத் தாழ்த்தினார். காலையில் அவன் ஆட்டியதை மற்ற மூவரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். அவள் திட்டவும் செய்தாள். மானம் போகுதே என்று திட்டினாளே தவிர, கணக்குப் போகுதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அதனால என்ன," என்றான் தம்பி. "இப்பவும் ஆட்டிட்டாப் போச்சு."

"எவ்வளவு ஆட்டுவ?"

"காலையில ஆட்டின அளவு."

"அது எவ்வளவுடா?"

"நான் என்ன எண்ணிக்கிட்டா ஆட்டினேன்?"

இருந்தாலும் ஆட்டினார்கள். தம்பி ஒரு பக்கம், தச்சர் மறுபக்கம். கணவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, காலையில இவ்வளவு வேகம் இல்ல," என்று நடுவர் வேலை பார்த்தார். மூன்றரை லிட்டர் ஆனது. நாலு ஆனது.

"போதும்! பதினஞ்சு! ரெண்டும் சமம்!" தம்பி கையை எடுத்தான்.

"ஏன் போதும்? இன்னும் களக்களங்குது பாரு," தச்சர் விடவில்லை. தன் வண்டி ஜெயிக்கும்வரை ஆட்டுவது என்று முடிவு கட்டியிருந்தார். வாழ்நாளெல்லாம் மரம் இழைத்த கை. கார் தொட்டில்போல ஆடியது. "பதினாலு! இன்னும் போகும்மா, விடு!"

"யோவ், அது உன் வண்டியா?"

"உன் வண்டியத்தான்டா நிறைச்சுக் குடுக்குறேன்!"

வாயைத் தாண்டிப் பெட்ரோல் பொங்கியது. சிவப்புக் கதவில் வழிந்து, சக்கரத்தில் சொட்டி, தரையில் ஓடி, அவள் செருப்பை நனைத்தது. பங்க்காரம்மா குழாயைப் பிடுங்கினாள். "இது பெட்ரோல் பங்கா, ராட்டினமா? காசைக் குடுத்துட்டுக் கிளம்புங்க எல்லாரும்! பீடி கீடி யார் கையிலயாவது இருந்துச்சு, சொல்லிட்டேன்!"

அவள் காசு கொடுத்தாள். சாம்பல் வண்டிக்கும் சிவப்பு வண்டிக்கும், தரைக்கும் சேர்த்து. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரரே கூப்பிட்டுவிட்டார். "என்னம்மா, எது வேணும்? நான் கடையச் சாத்தப் போறேன்."

கணவரைப் பார்த்தாள். அவர் இன்னும் போனில் தட்டிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு தடவை மறுபடி ஓட்டிப் பார்த்துட்டா..."

"சிவப்பு மாடல்," என்றாள் போனில். "இப்ப வர்றோம்."

"கணக்கு?" என்றார் கணவர்.

"கணக்கா? அதோ தரையில ஓடுது, பொறுக்கிக்குங்க." செருப்பைத் தரையில் தேய்த்தாள். நாற்றம் போகவில்லை. "எவ்வளவு குடிக்கும்னு இன்னமும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் காலையிலேந்து நாய்மாதிரி அலைஞ்சேன். தெரிஞ்சது ஒண்ணுதான். அந்த வளைவுல இது நிக்கல. அது நின்னுச்சு. ரெண்டாவது தடவை கேட்டுக்கு வெளிய நின்னு அந்தப் பொண்ணுங்க மூஞ்சியப் பாக்க என்னால முடியாது."

தச்சர் தன் வண்டியில் ஏறிக் கதவை அறைந்தார். நாளைமுதல் பேசமாட்டார்.

கடைக்குப் போகத் தம்பியின் சிவப்பு வண்டியை அவளே எடுத்தாள். கணவர் பக்கத்தில், தம்பி பின்னால், சிமெண்ட் மூட்டையின் தோளில் கைபோட்டு.

"டேங்க் நிறையணும்னு நான் காலையிலயே சொன்னேன்ல," என்றான் தம்பி.

அவள் பல்லைக் கடித்தாள். சிக்னலில் நின்றபோது கணவர் போனைத் தூக்கிக் காட்டினார். "ஏம்மா, கோவப்படாத. இதே மாடல்ல ஆட்டோமேட்டிக் இருக்காம். அது லிட்டருக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் கூட..."

பச்சை விழுந்தது. அவள் காலைத் தரைவரை அழுத்தினாள். டர்போ சீழ்க்கை அடித்தது. கணவரின் தலை சீட்டில் மோதியது, போன் காலடியில் விழுந்தது. பெட்ரோல் முள் மட்டும், நிறைந்த கோட்டையும் தாண்டி, அசையாமல் நின்றது.