ஹால்சியன் வீடு

பேங்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மண்ணாங்கட்டி உடனே எழுந்திருக்க மாட்டான். தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி சாவகாசமாக நடந்து, கவுண்டரில் போய் நிற்பான். அவனுக்கு முன்னால் பிறந்த அண்ணன்கள் யாரும் தங்கவில்லை. எமனுக்கு ஆசை வராத பேராகப் பார்த்து இவனுக்கு வைத்துவிட்டார்கள். எமனும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். பெண் வீட்டாரும் அப்படியே போனார்கள். பார்வதி ஒருத்திதான் சிரித்துவிட்டுச் சம்மதித்தாள்.

அந்தப் பேரின் எரிச்சலில்தான் அபூர்வமான இங்கிலீஷ் வார்த்தைகளாகப் படிக்க ஆரம்பித்தான். போனில் தினம் ஒன்று வரும். தட்டாஞ்சாவடி பட்டறையில் லேத்தைத் துடைத்தபடியே அதனிடம் அர்த்தத்தோடு ஒப்பிப்பான். அங்கே சிரிக்காதது அது ஒன்றுதான்.

முதல் குழந்தை தொட்டிலிலேயே போய்விட்டது. இரண்டாவதாகப் பெண் பிறந்ததும் பார்வதி, "குப்பம்மான்னு வெச்சிரலாங்க" என்றாள்.

"நான் பட்டது போதாதா? ஹால்சியன்னு வெப்போம். காத்தடங்கின கடலோட அமைதின்னு அர்த்தம்."

"வாயிலயே நுழையலியே."

"சர்டிபிகேட்ல நுழைஞ்சா போதும்."

குழந்தையின் காதில் ஒருமுறை மெதுவாகச் சொன்னான். வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அரியாங்குப்பமே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

"ஹால்சியன் வீடு இதுதானே?"

கூரியர்காரன் என்று எழுந்தவன் பாதியில் நின்றுவிட்டான். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். அவனுக்கே அப்படி வராது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. தெருநாய் எழுந்து, யாருக்கோ வழிவிட்டு, நகர்ந்து படுத்தது. கேட்டின் கொண்டி மெல்ல மேலே ஏறியது.

"கொஞ்சம் தூக்கிட்டு வரீங்களா? பாத்துட்டுக் குடுத்துர்றேன்."

உள்ளே குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது.

"ஏங்க, இவ மூச்சு விடலீங்க!" பார்வதி அலறினாள்.

படித்த வார்த்தையெல்லாம் அவனைக் கைவிட்டு ஓடின. ஒன்று மட்டும் நாக்கில் மிஞ்சியது.

"அப்படி யாரும் இங்க இல்லீங்க. எங்க பொண்ணு பேரு டெட்ரைட்டஸ்."

கொண்டி பாதியில் நின்றது.

"அழகா இருக்கே. என்ன அர்த்தம்?"

"குப்பைங்க. ஒடஞ்சது, உதுந்தது, பெருக்கித் தள்றது."

"நீங்க யாரு?"

"மண்ணாங்கட்டி!" என்றான். வாழ்நாளில் அந்தப் பேரை அவன் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

கொண்டி இறங்கியது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அவன் படியில் உட்கார்ந்தான்.

பார்வதி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"போயிடுச்சா?"

அவன் காதைத் தீட்டினான். ஆளில்லாத தெருவில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி ஒரு குரல் நிதானமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. டெட்ரைட்டஸ், குப்பை. டெட்ரைட்டஸ், குப்பை.

"போவுது," என்றான். "மனப்பாடம் பண்ணிக்கிட்டே போவுது."