ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது

ஆபீஸில் எல்லோரும் அவளை ரிலீஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் பிழைத்திருந்தது. மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் மென்பொருளைச் செய்கிற கம்பெனி. மற்றவர்கள் வாரம் முழுக்க எழுதித் தள்ளும் நிரல்களை ஒன்றுசேர்த்து, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து, சோதித்து, சர்வரில் ஏற்றுவது அவள் பொறுப்பு. அதற்குப் பெயர்தான் ரிலீஸ். செவ்வாய்க்கிழமை மதியம் உட்கார்ந்தால், கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, எது எங்கே புட்டுக்கொள்ளுமோ என்று பார்த்துப் பார்த்து, பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பாள்.

அவள் வீட்டுக்காரர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். இரவெல்லாம் சாலை, பகலெல்லாம் தூக்கம். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு. அது எந்தக் கிழமை என்று கேட்கவே வேண்டாம்.

நாளை மாற்றக் கூடாதா என்றால், அதையும் கேட்டுப் பார்த்தாயிற்று. டிப்போ மசியவில்லை. ஆபீஸிலும் திங்கட்கிழமை மருத்துவமனைகளில் கூட்டம் அலைமோதும், வாரக் கடைசியில் ஏற்றி ஏதாவது ஆனால் சனி ஞாயிறு நாறிவிடும், செவ்வாய்தான் தோது என்று மேனேஜர் முடித்துவிட்டார்.

"உனக்கு எப்போதான் ரிலீஸ்?" என்று கல்யாணமான புதிதில் அவர் கிண்டல் செய்வார். பிறகு அதைக் கோபமாகக் கேட்டார். இப்போது கேட்பதே இல்லை. சண்டை போடுகிற மனுஷனைச் சமாளித்துவிடலாம். கேட்பதையே விட்டுவிட்டவரை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள், ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "செவ்வாய்க்கிழமை டிரிப்புக்கு ஆள் கேக்கறாங்க. அந்த ஓய்வைச் சேர்த்து வச்சு, வருஷக் கடைசில மொத்தமா லீவா தருவாங்களாம். ஆனா ஒத்துக்கிட்டா ஒத்துக்கிட்டதுதான், நடுவுல மாத்த முடியாது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த செவ்வாய்க்குள்ள சொல்றேன்னேன்."

"சரின்னு சொல்லிடாதீங்க. அந்த வேலையைத் தானா நடக்கற மாதிரி பண்ணிடறேன். இனிமே செவ்வாய் மதியம் வீட்லதான் இருப்பேன், பாருங்க."

அவர் தலையை ஆட்டினார். நம்பிய ஆட்டலா, போனால் போகட்டும் என்ற ஆட்டலா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

மறுநாளே மேனேஜரிடம் போய் நின்றாள். ஆபீஸில் ஆளுக்கு வாரத்தில் ஒரு மதியம் விடுப்பு உண்டு. ரிலீஸைத் தானியங்கியாக்கிவிட்டால் செவ்வாய் மதியத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். "பண்ணிட்டு தாராளமா போம்மா" என்றார் அவர்.

தானியங்கி என்று சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. யாராவது நிரலைச் சேர்த்ததும், எங்கோ இருக்கிற ஒரு வெற்று மெஷின் கண் விழித்து, அவள் கையால் செய்ததையெல்லாம் வரிசையாகச் செய்ய வேண்டும். அதற்கான கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். ஒரு வரி ஓர் இடைவெளி தள்ளிப் போனால்கூட அந்தக் கோப்பு முறைத்துக்கொள்ளும். மாமியாரைக்கூட ஒருவழியாகத் திருப்திப்படுத்திவிடலாம், இந்தக் கோப்பை முடியாது. தப்பு என்று திரையில் சிவப்பு, சிவப்பு, மறுபடியும் சிவப்பு. அவள் லேப்டாப்பில் ஜோராக ஓடுவது அங்கே மட்டும் முரண்டு பிடித்தது. நாக்குத் தள்ளிய பிறகு தெரிந்தது, என்றைக்கோ அவள் தன் லேப்டாப்பில் வைத்து மறந்துபோன ஒரு சின்ன அமைப்புக் கோப்புதான் காரணம். எல்லோருடைய நிரலும் சேரும் பொதுக் களஞ்சியத்தில் அதைச் சேர்க்கவே இல்லை. இத்தனை வருஷமும் எல்லாம் அவளிடமிருந்து மட்டுமே ஓடியதன் ரகசியம் இதுதான். சிரிப்பதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அதையும் சேர்த்தாள். ஒருவழியாக எல்லாம் பச்சை.

பச்சையைப் பார்த்ததும் நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. முன்பொரு தடவை தப்பான ரிலீஸ் போய், ஒரு மருத்துவமனையில் டோக்கன் வரிசையே காணாமல் போனது. கைக்குழந்தைகளோடு நின்ற தாய்மார்களின் போட்டோவை மேனேஜர் அவளுக்குத்தான் அனுப்பினார். யாருமே பார்க்காமல் போகலாமா? கடைசிப் படிக்கு முன்னால் ஒரு பூட்டைப் போட்டாள். ஒரு ஆள் சரி என்று அழுத்தினால்தான் சர்வருக்குப் போகும். யார் அழுத்தலாம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். வேறு யார் பெயரும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் சொன்னபடி வீட்டுக்கு வந்துவிட்டாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற மும்முரத்தில், போனைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பையின் அடியில் போட்டாள். தன்னைத் தவிர ஆபீஸில் வேறு யாராலும் அந்தச் சரியை அழுத்த முடியாது என்பது அவள் மூளைக்கு எட்டவே இல்லை. அவர் அவளைப் பார்த்துவிட்டு, சொல்லாமலே இரண்டாவது தட்டை எடுத்து வைத்தார். பகல் வெளிச்சத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவது இருவருக்குமே கூச்சமாக இருந்தது. "முடி நரைச்சிருக்கே உனக்கு" என்றார். "இப்பதான் பாக்கறீங்களா?" என்று சிரித்தாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. அவர் கேட்டுவிட்டு நீட்டினார். "உன் ஆபீஸ்." அவசரத்துக்கு என்று அவருடைய எண்ணைக் கொடுத்து வைத்திருந்தவள் அவளேதான்.

"அக்கா, எல்லாம் பச்சையா வந்து நிக்குது. ஒப்புதலுக்குக் காத்திருக்கிறதுன்னு காட்டுது. உங்க பேர் மட்டும்தான் இருக்கு. மருத்துவமனைலேர்ந்து வேற போன் மேல போன்" என்றாள் டீமில் இருக்கும் பெண். மேனேஜர் போனை வாங்கினார். "ஏம்மா, யாரு இந்தப் பூட்டைப் போடச் சொன்னது? நானா சொன்னேன்?"

மேனேஜர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு ஓடி, லேப்டாப்பைத் திறந்து அழுத்தினாள். போயிற்று. கையோடு அந்தப் பூட்டையே எடுத்துவிடலாம் என்று கோப்பைத் திறந்தாள். எடுத்ததும் சிவப்பு. மறுபடியும் திருத்தி, ஓடவிட்டு, காத்திருந்து, பச்சை வந்து அவள் நிமிர்ந்தபோது அவர் சாப்பிட்டு முடித்துத் தன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளுடைய தட்டை மூடி வைத்திருந்தார்.

"இனிமே கூப்பிட மாட்டாங்க. நிஜமா" என்றாள்.

"சரிம்மா" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு டிப்போவுக்குப் போன் போட்டார். "செவ்வாய்க்கிழமை டிரிப் கேட்டீங்கல்ல... ஆமா, நானே எடுத்துக்கறேன்."

வேண்டாம் என்ற சொல் அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. இந்த வாயால் எத்தனை தடவை நிஜமா நிஜமா என்று சொல்லியாயிற்று. வெட்கமாக இருந்தது.

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. வண்டி ஓட்டறது அலுப்பில்ல எனக்கு. உக்காந்து காத்துக்கிட்டு இருக்கறதுதான் முடியல. நீ சாப்பிடு, ஆறிப்போச்சு."

அடுத்த செவ்வாய் மதியம் வீட்டுக்கு வந்தாள். அவர் டூட்டிக்குப் போயிருந்தார். போனின் சத்தத்தைக் கூட்டி மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிரல் போய்ச் சேர்ந்தது, ஓடியது, சோதித்துக்கொண்டது, சர்வரில் ஏறியது. எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை.