இரண்டு விரற்கடை

பக்கத்துக் கடைக்காரரை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து ஜவுளிக்கடைக்காரருக்கு மனசு அரித்தது. செத்தவருக்கும் இவர் வயதுதான். தேவாலயத்தில் அப்பம் பெறும் திருவிருந்துக்கு முன் தன்னைச் சோதித்துப் பார்த்தார். முப்பது வருடமாகத் துணி அளந்த கோல் இரண்டு விரற்கடை குறைவு. அதை முறித்துப் போட்டுவிட்டு, பழைய வாடிக்கையான தையல்காரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டார்.

"இது ஊருக்கே தெரியுமேண்ணே," என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி. "அதுக்குத்தானே விலையை அடிச்சுப் பேசுறோம். நீங்க விரலை எடுத்தீங்க, நாங்க விலையில ஒரு முழத்தையே எடுத்துட்டோம்."

"அப்ப என்னை மன்னிச்சிட்டியாம்மா?"

"யாரு யாரை மன்னிக்கிறதுன்னு எனக்கே புரியலண்ணே."

ஞாயிறன்று முழங்காலிட்டிருந்தவர்கள் வரிசையில் போதகர் அப்பத்தோடு நெருங்கி வந்தார். மன்னிப்பு, தான் கேட்க வேண்டியதா, கொடுக்க வேண்டியதா என்று தெரியாமல், ஜவுளிக்கடைக்காரர் கையை நீட்டினார், மடக்கினார், மறுபடி பாதி நீட்டினார்.