மூன்று ஆணி

பல்கலைக்கழக மைதானத்தில் தாசையன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். பிட்ச்சின் மேல் கயிற்றுப் பாயை இழுத்து விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்து கிரிக்கெட் ஆடிய காலம் அது. டீம் முழுக்க நிழலில் உட்கார்ந்திருக்க, வேகப்பந்து போடுகிறவன் மட்டும் சுத்தியலும் கையுமாக வெயிலில் கிடந்தான். பொன்முடி எஸ்டேட்காரனுக்கு ஆணி அடிக்கக் கை நன்றாக வரும் என்று சொல்லிச் சொல்லியே அந்த வேலையை அவன் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள்.

அன்று ஒரு பெரிய ஆபீஸின் ஸ்போர்ட்ஸ் ஆபீசர் சாம்பசிவன் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். விளையாட்டுக்காரருக்கென்று அங்கே இருந்த ஒரே வேலையைத் தாசையனுக்குத் தருவதாக ஏறக்குறைய வாக்குக் கொடுத்திருந்தார். அவன் பந்து போடுவதை நேரில் பார்ப்பதுதான் பாக்கி. அடுத்த மாதத்தோடு அம்மா எலிசாளுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை முடிகிறது. எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்யவேண்டும். "நீ சம்பளக்காரன் ஆயிட்டா எங்கயாவது ஒரு முறி வாடகைக்குப் பாத்துக்கலாம் மக்ளே" என்று சொல்லித்தான் அவனை பஸ் ஏற்றியிருந்தாள்.

கேப்டன் அனந்த், வலியசாலைக்காரன், பேடு கட்டிய காலோடு பக்கத்தில் வந்து குனிந்தான்.

"தாசா, பெவிலியன் பக்கம் மூணு ஆணிய ஆழமா அடிக்காதே. பந்து நின்னு வரும், நன்னா ஆடலாம்."

"பின்னே நான் போடும்போ?"

"லஞ்சுக்கு அடிச்சுடலாம்."

பாய் தளர்ந்தால் பந்தின் வேகம் செத்துப்போகும். எல்லா டீமும் செய்கிற திருட்டுதான். அனந்த் எண்பது ரன்னுக்கு மேல் அடித்தான். லஞ்சில் தாசையன் சுத்தியலை எடுத்தபோது அம்பயர் பிட்ச் பக்கத்திலேயே நின்றிருந்தார். இப்போது அடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், நீ எதிர்ப்பக்கத்திலிருந்து போடு என்று அனந்த் தடுத்துவிட்டான்.

தாசையன் அப்படியே போட்டான். ஆனால் பெவிலியனில் இருந்த சாம்பசிவனுக்குத் திருப்தியில்லை. ஓவர் முடிந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்தப் பக்கத்துலேருந்து போடு, கேட்டோ. உன் வேகத்தை எனக்குக் கிட்ட வச்சுப் பாக்கணும்."

தாசையன் அனந்தைப் பார்த்தான். அனந்த் ஃபீல்டர்களைத் தள்ளி நிறுத்துவதில் மும்முரமாக இருந்தான். ஆணியைப் பற்றி வாய் திறந்தால் வேலை போய்விடும். தாசையன் ஓடிவந்து முன்காலை ஓங்கி ஊன்றினான். பாய் சுருண்டு காலைக் கவ்வியது. முட்டியில் ஏதோ அறுந்த சத்தம் அம்பயருக்கே கேட்டது.

ஆணி அடித்தது யார் என்று அம்பயர் கேட்டார்.

"அவன்தான் சார். எப்பவும் அவன்தான் அடிப்பான்" என்றான் அனந்த்.

அது பொய்யில்லை, அதுதான் கொடுமை. சாம்பசிவன் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். வேலையை அனந்துக்குக் கொடுத்தார்.

எலிசாள் இப்போது கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். தாசையனுக்கு அந்த ஆபீஸ் மைதானத்திலேயே தினக்கூலி. அனந்த் சொல்லி வாங்கிக் கொடுத்தது என்று எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள்.

முட்டி மடங்காது. ஒரு காலை நீட்டியபடி தரையில் உட்கார்ந்துதான் ஆணி அடிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆணியை அடித்து முடிக்கும்போது அனந்த் பேடு கட்டிய காலோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"தாசா, பெவிலியன் பக்கம்" என்றான். மீதியைச் சொல்லவில்லை.

எல்லைக்கோட்டருகே எதிர் டீமின் வேகப்பந்துக்காரன் ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். தாசையன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நீட்டிய காலை இழுத்து இழுத்து பெவிலியன் பக்கம் நகர்ந்துபோய், சுத்தியலைத் திருப்பிப் பிடித்து முதல் ஆணியை மேலே நெம்பினான்.